வெள்ளை படிந்த ரப்பர்

அப்போது பினாங்கில் ஒரு சிறிய ரப்பர் பட்டறையில் கலவை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன்; நாலு பேர் முன்னால் பேச வராது. ரப்பரைப் பிசையும் உருளைகள் ஓடும் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

எங்கள் குழாய்களை வாங்கியது ஓர் ஐஸ் ஆலை. அங்கே மோட்டார் அறையில், குழாய் வளையும் இடங்களில் வெடிப்பு விட்டது. மோட்டாரில் பொறி பறக்கும்போது ஓசோன் என்ற வாயு உண்டாகிறது, இழுபட்டு நிற்கும் ரப்பரை அதுதான் கீறுகிறது என்றார் ஆலை இன்ஜினியர். முதலாளி கெஞ்சி இன்னொரு வாய்ப்பு வாங்கி வந்தார். அதுவும் தவறினால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

வெடிப்பைத் தடுக்குமென்று கலவையில் மெழுகு சேர்த்தேன். வெந்த ரப்பர்ப் பட்டைகளை வளைத்து, ஒரு பலகையில் மேல் வரிசை, கீழ் வரிசையாக ஆணி அடித்து, சோதித்துப் பார்க்க எங்கள் மோட்டாருக்கு மேலே சுவரில் மாட்டினோம். நாளாக ஆக மாவு தூவியதுபோல் பட்டைகள் வெளுத்தன.

சில வாரம் கழித்து முதலாளி பூதக்கண்ணாடியோடு வந்தார். கீழ் வரிசை முழுக்க மயிரிழை வெடிப்புகள்.

"போச்சுப்பா. இதுவும் போச்சு."

"மேல ஒண்ணுமில்ல மொதலாளி" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். "ஒரே கலவைதானே தம்பி?"

"ஒரே கலவைதான்."

சாமான் கட்டும் அக்கா அருகில் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் முதலாளி பள்ளிவாசலுக்குக் கிளம்புமுன் பட்டறையைத் துடைத்து வைப்பது அக்காவின் வழக்கம்.

"பூசணம் புடிச்சிருக்கேன்னு நான் வாராவாரம் தொடச்சேனே!"

"மேலயும் தொடச்சியாம்மா?"

"எட்டலையே மொதலாளி. இந்தத் தம்பிய ஸ்டூல் கேட்டா, பொண்ணு கேட்ட மாதிரி தலையைக் குனிஞ்சிக்கிறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். முதலாளி மட்டும் மேல் பட்டையை விரலால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெழுகுப்பா! உள்ள இருந்தது வெளிய வந்து தோல் மாதிரி மூடியிருக்கு. அத நாமளே உரிச்சிருக்கோம்."

புதுப் பலகை மாட்டினோம். யாரும் தொடவில்லை. சில வாரம் கழித்து ஆலை இன்ஜினியர் வந்து ஒவ்வொரு வளைவாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் உருளைக்குப் பின்னால் நின்றேன். கடைசிப் பட்டையைப் பார்த்து முடித்ததும், "ஒரு வெடிப்புகூட இல்ல. இந்த வெள்ளையோடயே குழாய அனுப்புங்க" என்றார்.

முதலாளி என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அன்று மாலையே அடுத்த கலவைக்கு மெழுகு உருக்கினேன்.