மணி செத்துவிட்டது என்று சொன்ன பிலோமினா அக்கா

அன்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை டூட்டி எனக்கு. பாண்டிச்சேரி லைனில் வந்தவர், "அவசரம்மா, கோட்டுச்சேரிக்கு ஒரு கால் போடுங்க" என்றார். பழகிய குரல். பிலோமினா அக்காவின் மூத்த மகன். "தம்பி, நான் லெச்சுமிதான்" என்றேன். "சித்தி, இங்க ஆஸ்பத்திரியில அம்மா போயிட்டாங்க" என்றார். டிரங்க் போர்டில் உட்கார்ந்து எத்தனையோ வீட்டுத் துக்கத்துக்கு லைன் கொடுத்தவள் நான். கோட்டுச்சேரி வீட்டிலிருந்த அக்காவின் கணவருக்கும் நானே லைன் கொடுத்துவிட்டுக் காதிலிருந்து கருவியைக் கழற்றி வைத்தேன்.

இரங்கல் கூட்டத்தில் படிக்க நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் ஆபீஸில். நல்லதில்தான் ஆரம்பிக்கிறேன். எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தபோது அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். காதிலே ஒரு சின்ன வெள்ளைக்கல் தோடு, மடியிலே முறுக்குப் பொட்டலம். யார் திட்டினாலும் "ஆகட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு, லைனை வெட்டியதும் "இவனுக்கெல்லாம் எவ பொண்ணு குடுத்தா?" என்று எங்களைச் சிரிக்க வைப்பார்கள். எனக்குக் குழந்தை தங்காமல் போன நாட்களில் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் தினமும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, "பாதி அப்படியே இருக்குடி, தின்னுட்டு எந்திரி" என்று அதட்டியவர்களும் அவர்கள்தான்.

மணியைக் கொண்டுவந்ததும் அக்காதான். சைக்கிள் ஷெட்டில் மழையில் நனைந்து கிடந்த நாய்க்குட்டியை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டி, "வச்சுக்க. வீடு சும்மா கிடக்குதுல்ல" என்றார்கள். தலத்தெருவில் என் வீடு அன்றிலிருந்து சும்மா கிடக்கவில்லை.

அந்த மணிக்கும் வயசாயிற்று. கண்ணில் பூ விழுந்துவிட்டது. பகலெல்லாம் தூங்கும். விளக்கை அணைத்தால் போதும், எழுந்துகொள்ளும். சிமெண்டுத் தரையில் நகம் தட்டத் தட்டக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். சுவர் மூலையில் முட்டிக்கொண்டு, திரும்பத் தெரியாமல் நின்று அழும். நான் அக்கா சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். சாயங்காலம் அரசலாற்றங்கரை வரை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டேன். என் பழைய புடவையை விரித்து, அதன் முதுகில் கை வைத்தபடியே படுத்தேன். கை இருக்கும்வரை படுத்திருக்கும். எடுத்தால் எழுந்துவிடும்.

போர்டில் தூங்கி விழுந்தேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டிய டிரங்க் காலை ஒரு அரிசி மில்லுக்குப் போட்டு மெமோ வாங்கினேன். அக்கா தன் போர்டையும் என் போர்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, "கண்ண மூடிக்க, சூப்பர்வைசர் வந்தா காலை மிதிக்கிறேன்" என்பார்கள்.

தூக்கமில்லாததைக்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டில் மாமனார் படுக்கையில் கிடந்தார். ராத்திரியில் நாய் அழுதால் எமன் தெருவுக்குள் வந்துவிட்டான் என்று அர்த்தமாம். மணி ஊளையிட்டதும் அவர், "அது என்னயத்தான் காட்டிக் குடுக்குது! தொரத்துங்கடா!" என்று கத்துவார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். "அதுவா போற வரைக்கும் நான்தான் பாத்துக்குவேன். எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்று நான் ஒரே பிடியாக நின்றேன்.

அப்போதுதான் அக்கா வந்து சொன்னார்கள்: "நாலு நாளைக்கு எங்க வீட்டுல வச்சுக்கறேன். நீ தூங்கி எந்திரி. மாதா மேல சத்தியமா உங்கிட்டயே கொண்டாந்து விடறேன்." வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மறு வாரம் அக்கா அழுதுகொண்டே வந்தார்கள். "தூக்கத்துலயே போயிடுச்சு லெச்சுமி. கொல்லையில எலுமிச்சை மரத்தடியில பொதச்சுட்டோம்." ஓடினேன். அந்த இடத்தில் செம்பருத்தி வைத்து, கற்பூரம் ஏற்றி, மண்ணைத் தடவித் தடவி அழுதேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதார்கள். காபி போட்டுக் கொடுத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை அடக்கத்துக்குப் போனேன். மாதா கோயில் வாசலில் கோட்டுச்சேரிமேட்டு அஞ்சலை நின்றாள். எங்கள் ஆபீஸ் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன மனசும்மா அந்தம்மாவுக்கு! ஒங்க நாய எப்படிப் பாத்துக்கிச்சு! அந்த வருசம் மழக்காலம் முழுக்க எங்க வூட்டுலதான கெடந்துச்சு. கடலு சத்தத்துல அது கத்துறது யாருக்குக் கேக்குது? தெனம் சாயந்திரம் சோறு பெசஞ்சு எடுத்தாரும். தை பொறந்துதான் போச்சு."

எலுமிச்சை மரத்தடியில் நான் கற்பூரம் ஏற்றியது ஐப்பசியில்.

"யாரு அஞ்சலை கொண்டாந்து விட்டா?" என்று கேட்டேன். அவள் எனக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டி, "ஐயாதான், சைக்கிள்ல" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். எல்லாம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பா பயந்துபோயிருந்தார். அக்காதான் சொன்னாங்க, செத்துப்போச்சுன்னா கொஞ்ச நாள் அழுவா, உயிரோட இருக்குன்னா மறுநாளே போய்த் தூக்கிட்டு வந்துடுவான்னு."

ஆமாம், தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பேன். அக்காவுக்கு என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து அடித்ததும் "நவநாள் ஜெபம்டி" என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்களே, அது ஜெபமில்லை, மணிக்குச் சோறு. பையைப் பிடித்து பஸ் வரை வந்து ஏற்றிவிட்டவள் நான். மாமனாரோ அதன்பிறகும் வருஷக்கணக்கில் ரசம் சரியில்லை என்று என்னை வைதுகொண்டு உயிரோடிருந்தார்.

அக்கா கெட்டவர்கள் இல்லை. என் வேலை போய்விடும், குடும்பத்தில் பிளவு வந்துவிடும் என்று பயந்திருப்பார்கள். எல்லாம் புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை. பிடிக்காதவர்கள் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சவப்பெட்டியில் ரோஜா மாலையோடு படுத்திருப்பவர்களிடம் நான் என்ன கேட்பது?

குழியருகே எல்லோரும் பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். திரும்பும்போது அஞ்சலை கூடவே நடந்தாள். கடைசி நாள் எப்படி என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "வாசப்பக்கமாவே மூஞ்ச வச்சுக்கிட்டுக் கெடந்துச்சும்மா. அந்தம்மாதான் மடியில எடுத்துப் போட்டுக்கிட்டு, 'லெச்சுமி வந்துக்கிட்டே இருக்காடா, இந்தா வந்துட்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அதக் கேட்டுக்கிட்டேதான் உசுரு போச்சு."

போய் வாருங்கள் அக்கா. நான் உங்களை மன்னிப்பேனா என்பது பிறகு. நீங்கள் போன இடத்தில் மணி இருந்தால், தடவிக் கொடுப்பதற்கு முன்னால் அதனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். லெச்சுமி வர மாட்டேன் என்று சொல்லவில்லை, லெச்சுமியிடம் யாருமே சொல்லவில்லை என்று.