என் மகள் போட்டுக் கழற்றிய சட்டைகள்

அறுபதுகளின் நடுவில், வேலம்பாளையத்தில் ஓட்டு வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, என் மகளுக்கு இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலை பார்த்தார். ரோல் தீரும்போது கடைசியில் முழ நீளத்துக்குத் துண்டு எஞ்சும். அதில் பெரியவர்களுக்குப் பனியன் வராது. லாரிப் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைப்பதற்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். குழந்தையைத் துடைக்க ஆகட்டும் என்று முதலாளியிடம் கேட்டு அவர் கொஞ்சம் எடுத்து வந்தார்.

துணி பஞ்சு போல் இருந்தது. இதைக் கொண்டுபோய் எண்ணெயில் முக்குகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு துண்டை வெட்டிக் கையாலேயே மகளுக்கு ஒரு குட்டிப் பனியன் தைத்தேன். தலை வழியாகப் போட்டதும் ஊரையே கூட்டிவிட்டாள். கழுத்து நிற்காத குழந்தைக்கு யாராவது தலை வழியாகச் சட்டை போடுவார்களா? நான் போட்டேன். அடுத்ததை முன்பக்கம் முழுவதும் திறந்து, இரண்டு நாடா வைத்துத் தைத்தேன். குழந்தையைப் படுக்க வைத்து, கையை நுழைத்து, முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. கவிழ்த்துப் போட்டாலும் குத்துவதற்குப் பொத்தான் இல்லை. மகள் அழவில்லை. இதை விற்கலாம் என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு எப்போதும் யோசனை முதலில் வரும், யோசிப்பது பிறகுதான்.

மகள் வயிற்றில் வருவதற்கு முன் நானும் அதே கம்பெனியில் பனியன் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவள்தான். மூலையில் ஒரு பழைய மிதி மிசின் சும்மா கிடப்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அதில் உட்கார்ந்துதான் தையல் பழகியிருந்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய் அதையும், எண்ணெய் துடைக்கப் போகிற துண்டுகளையும் கேட்டேன். என் குட்டிச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தொடைக்கற துணியில சட்டையா?" என்று சிரித்தார். "செரி, பொங்கல் வரைக்கும் வச்சுக்க அம்முணி. ஓடலீன்னா மிசினும் நீயும் கம்பெனிக்கு வந்துரோணும்."

சரி என்று தலையாட்டினேன். கம்பெனிக்குத் திரும்பினால் பால்குடி மறக்காத குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை நினைத்தாலே மார்பு கனத்தது. என் தைரியத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தான்.

மிசின் வீட்டுக்கு வந்தது. ஒரே மாதத்தில் இருபது டஜன் தைத்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்து, காகிதம் சுற்றி, புத்தம் புதிதாகப் பளபளவென்று பல்லடத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் முன்வரிசையிலேயே அடுக்கினார். ஒரு மாதம் கழித்துப் போனால் ஒன்றுகூடக் குறையவில்லை. காகிதத்தின் மேல் தூசிதான் கூடியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த சந்தை நாளில் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் அந்தக் கடையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பெண்கள் வந்தார்கள். சட்டையைத் தொட்டார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். நிறைமாத மகளோடு வந்த ஓர் அம்மாளும் அப்படியே வைத்ததும், எனக்குப் பொறுக்கவில்லை. என்ன குறை என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொறக்கறதுக்கு முந்தி எப்படீங்க வாங்கறது? பொறந்தாலும் மொதல்ல பழந்துணிதானுங்களே போடோணும்" என்றார் அவர்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. என் மகள் பிறந்த அன்று அவளைச் சுற்றியது என் அப்பாவின் நைந்துபோன வேட்டி. புதுத்துணி ஆகாது என்று அதைத் தேடி எடுத்து வரச் சொன்னவளே நான்தான். பிறக்கும் முன்னால் ஒரு சொக்காய்கூட வாங்கக் கூடாது என்று வீட்டுக்காரரின் வாயை அடைத்ததும் நான்தான். அப்படிப்பட்டவள், இந்தச் சீமையிலேயே புதுத்துணி போடாத ஒரே கூட்டத்துக்கென்று இருபது டஜன் புதுத்துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். வியாபாரி ஆனதும் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன் போலிருக்கிறது.

மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மகள் மடியில் தூங்கினாள். முதல் முதலில் தைத்த அந்த நாடாச் சட்டை, துவைத்துத் துவைத்துப் பழுத்துப்போய், அவள் மேலேயே ஒட்டிக் கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாகத் தேறியிருக்கிறாள், இந்தச் சட்டை சின்னதானதும் தன் பேத்திக்குத் தருவீர்களா என்று கேட்டாள். தேறின குழந்தையின் பழந்துணியைக் கேட்டு வாங்குவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். எங்கள் வீதியிலேயே மூன்று பேர் அப்படிக் கேட்டிருந்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காகிதத்தையெல்லாம் பிய்த்துப் போட்டேன். ஒவ்வொரு சட்டையாக எடுத்து மகளுக்குப் போட்டு, நாடாவை முடிந்து, ஒரு முத்தம் கொடுத்துக் கழற்றினேன். பிறகு வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கஞ்சியில்லாமல் மடித்தேன். நாளைக்கு இரண்டு டஜன். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சட்டையைக் கண்டாலே கையை நீட்டினாள். கூடமாட உதவிய வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"ஒரு நிமிசம் போட்டுக் கழட்டுனா பழசாயிருமா புள்ள?" என்றார்.

"எத்தன நேரம் போட்டாப் பழசாகும்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்குதுங்களா?" என்றேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

இந்தமுறை ஜவுளிக்கடைப் பக்கமே போகவில்லை. பிறக்கும் முன் வாங்க மாட்டார்கள் என்றால், பிறந்த பின் போகிற இடத்தில் அல்லவா வைக்க வேண்டும்? திருப்பூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருந்தது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் சோப்பும் பவுடரும் அங்கேதான் வாங்குவார்கள். மருந்துக்கடையில் துணி விற்பதா என்று கடைக்காரர் தயங்கினார். குழந்தைக்குப் பூசுவதை விற்கிறவர் போடுவதை விற்றால் என்ன என்று கேட்டேன். ஒரு குழந்தை போட்டு, துவைத்து வைத்தது என்று ஒவ்வொருவரிடமும் உள்ளதைச் சொல்லிவிடச் சொன்னேன். மூன்றே நாளில் இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். மார்கழி பிறப்பதற்குள் இருபது டஜனும் தீர்ந்தது. அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் மருந்துக்கடைக்காரர்கள் கேட்டு வந்தார்கள். நானும் விடாமல் தைத்தேன்.

ஒரே ஒரு சிக்கல். என் மகள் வளர்ந்துகொண்டே இருந்தாள். தை பிறந்தபோது கை நுழையத் தகராறு, நாடா முட்ட மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டில் முழுகாமல் இருந்த பெண்ணின் மேல் எனக்கு ஒரு கண் விழுந்தது உண்மை.

பொங்கல் முடிந்த நாலாம் நாள் முதலாளி வந்தார். கூடவே ஒரு தள்ளுவண்டிக்காரன். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, மிசின் எல்லாம் வேண்டும் என்று வீட்டுக்காரர் முந்தின நாளே சொல்லியிருந்தார். என்ன சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவது என்று நானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவரோ மிசினைப் பார்க்கவே இல்லை.

"எம்பட புள்ளைக்கு நேத்துப் பையன் பொறந்திருக்கறான் அம்முணி. ஊட்டுல மருந்துக்கடை நாடாச் சட்டைதான் வேணுங்கறாங்க. கடையில தீந்துபோச்சாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நெசமாலுமே கொழந்தை போட்டதுதானா அது?"

அடுக்கில் இருந்ததெல்லாம் அன்று காலை தைத்தது. இதை இன்னும் யாரும் போடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒன்றை எடுத்து அவர் கண்ணெதிரே மகளுக்குப் போட்டேன். இழுத்துப் பிடித்து ஒரு நாடாவைத்தான் முடிய முடிந்தது. அவள் முதலாளியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சிரித்தபடியே சட்டை நுனி நனைய மூத்திரம் போய்விட்டாள்.

"இப்பப் பழசாயிருச்சு" என்றார் முதலாளி.

வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டேன். அவருடைய கம்பெனியில் பனியன் மலையாகக் குவிந்து கிடக்கும். அந்த மனிதர் எங்கள் வாசலில், வெயிலில், ஒரு சாண் சட்டை காய்வதற்காக நின்றார். நடுவில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். காய்ந்ததும் தானே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிசினை என்ன செய்யட்டும் என்று வண்டிக்காரன் கேட்டான்.

"அது ஓடற எடத்துல ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, பேரனைப் பார்க்கிற அவசரத்தில் முன்னால் நடந்தார்.

பிற்பாடு அந்த வாசலில் கொட்டகை போட்டு ஆறு மிசின் ஓடின. ஆறும் சேர்ந்து ஓடும்போதுகூட வராத கர்வம், அன்று தள்ளுவண்டி வெறும் வண்டியாகத் திரும்பிப் போனபோது எனக்கு வந்தது. மகளைத் தூக்கி, அதை அவளுக்கும் காட்டினேன்.