தூசின் மேல் போட்ட பழி

அரியலூரில் நான் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருபவர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் பெயின்ட் பிரஷ் வைத்திருப்பார். சீக்கிரம் திறக்கும் என்று எஸ்.எஸ்.டி. என்ற வேகமான புது டிஸ்க் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகும் காலையில் கம்ப்யூட்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. வாசலில் நிற்பவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள்.

கூப்பிட்டால் உடனே வருவார். பெட்டியைக் கழற்றி, கைக்குழந்தைக்கு முகம் துடைப்பது போல் பிரஷால் துடைப்பார். "எல்லாம் சிமென்ட் தூசுங்க. நம்மூர்ல எது தப்பிக்குது?" என்பார். சுற்றிலும் சிமென்ட் ஆலைகள்; இருமலுக்கும் பட்டுப்போன செடிக்கும் அந்தத் தூசையே காரணம் சொல்லும் ஊர் இது. ஒரு வருடம் நானும் தலையாட்டினேன்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் நாத்தனார் ஒருநாள் வந்து பார்த்தாள். "அண்ணி, புது எஸ்.எஸ்.டி. காலியாக் கெடக்கு. விண்டோஸ் இன்னும் பழைய டிஸ்க்லதான் ஓடுது" என்றாள்.

அவரை வரவழைத்துக் கேட்டேன். "தெரியாம வுட்டுட்டீங்களா?"

"தெரியும்ங்க." பிரஷை எடுத்தபடியே சொன்னார்: "அன்னிக்கே மாத்தியிருந்தா, அப்புறம் என்னைய எதுக்குக் கூப்புடுவீங்க?"

விண்டோஸை நாத்தனாரே புது டிஸ்குக்கு மாற்றிக் கொடுத்தாள். இப்போது பட்டனை அழுத்திவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் திறந்துவிடுகிறது. பெட்டிமேல் தூசு அப்படியே படிந்து கிடக்கிறது. அவர் துடைத்ததில் மட்டும் பொய்யே இல்லை; அதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது.