ஒரு கட்டம் சும்மா இருக்க வேண்டும்

பல் டாக்டரின் மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். மதியம் மூன்று மணிக்குப் பக்கவாட்டுக் கதவு மட்டும் திறக்கும். நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த முன்னறையில் நாலு நாற்காலிகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். டாக்டர் முதல் வயலின். அவருடைய தம்பி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இரண்டாம் வயலின். மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா செல்லோ, தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின். டாக்டருக்கே அவரைவிட ஆறு வயது அதிகம், இருந்தாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். நாலாவது ஆள் கண்ணாடிக்காரர். அவர் வாசிப்பது வயோலா.

வயோலா பார்ப்பதற்கு வயலின் மாதிரியே இருக்கும். நாலு விரல் நீளம் கூடுதல், குரல் கொஞ்சம் கனம். கச்சேரி முடிந்து வருகிறவர்கள் டாக்டரிடம் கை கொடுத்துவிட்டு, அக்காவிடம் அவ்வளவு பெரிய வாத்தியத்தை எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, கடைசியில் இவரிடம் வந்து, "நீங்களும் வயலினா சார்?" என்பார்கள். "ஆமாங்க" என்பார் கண்ணாடிக்காரர். விளக்கம் சொல்வதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிவிட்டது.

சிறுவயதில் இலவச இசைப் பள்ளியில் வயலினுக்குத்தான் வரிசையில் நின்றார். வாத்தியார் இவர் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்து, "உனக்குக் கை நீளம், இத வச்சுக்கோ, அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்று வயோலாவைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதையே சொன்னதும் பஸ் ஓட்டுநரான அப்பா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "கை நீளம்னா கொடுத்தாங்க? வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றார். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. அவருக்கு இப்போது ஐம்பத்தொன்று.

பிழைப்புக்கு அவர் குடிநீர் வாரியத்தில் வரைவாளர். ஊருக்கு அடியில் ஓடும் குழாய்களை, எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்று வரைந்து வைப்பது வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதல் படத்தைப் பென்சிலில்தான் போடுவார். மேஜையில் ஏழு பென்சில், இரண்டு அழிப்பான். அவர் அழித்த இடத்தில் முன்பு ஒன்று இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அலுவலகத்தில் அது பிரசித்தம்.

குழுவிலும் பென்சில் வேலை அவருடையதுதான். வில்லை எங்கே மேலே இழுப்பது, எங்கே கீழே, எங்கே மூச்சு விடுகிற மாதிரி ஒரு நொடி நிறுத்துவது என்று நாலு பேர் இசைத் தாளிலும் குறித்துக் கொடுப்பார். ஒத்திகையில் யாராவது தப்புப் பண்ணினால் அந்த இடத்துக்கு மேலே சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடி வரைவார். ரெண்டு வட்டம், நடுவில் ஒரு வளைவு. 'இங்கே கண்ணைத் திறந்து பார்' என்று அர்த்தம். வாத்தியக்காரர்கள் பல ஊரில் செய்கிற காரியம்தான். ஆனால் இவர் வரையும் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பிகூட இருக்கும். பெயர் வந்தது அதனால்தான். அவர் மூக்கில் கண்ணாடி ஏறியதே இல்லை. டாக்டரின் தாளில் பக்கத்துக்கு நாலு கண்ணாடி கிடக்கும். "எங்கண்ணன் நோட்டு கண் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்பார் தம்பி. கண்ணாடிக்காரரின் சொந்தத் தாளில், குழு தொடங்கிய இந்தப் பத்தொன்பது வருடத்தில், ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தெரிந்து வைத்திருந்தார்.

ஐந்து பேர் வாசிக்கும் ஒரு பாட்டைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நால்வரோடு இன்னொரு வயோலாவும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பாட்டு. அதன் இரண்டாம் பாகம் மெதுவாகப் போகும். பாதியில் ஐந்து பேரும் நின்றுவிடுவார்கள். நாலு தட்டு கொண்ட ஒரு கட்டம் முழுக்க யாரும் வாசிக்கக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். அந்த அமைதிக்குப் பிறகு முதல் வயோலா பாட ஆரம்பிக்கும். இரண்டு வயலினும் கீழே தணிந்து துணை போக, ஒன்றரைப் பக்கம் வயோலா மட்டுமே மேலே. எத்தனையோ வருடம் அடுத்தவர் பாட்டுக்கு அடியில் குழாய் மாதிரி ஓடிக்கொண்டிருந்த மனுஷருக்கு, மேலே வந்து வெளிச்சம் பார்க்க அந்த ஒன்றரைப் பக்கம். ஆறு வருடமாக அதைப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினார். அவர் மனைவிக்கு இசையில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் சமையல் செய்யும்போது அந்தப் பாட்டை முணுமுணுப்பாள்.

முதல் வயோலாவின் அச்சுத் தாளில் ஒரு பிழை இருந்தது. அந்த வெற்றுக் கட்டத்தை அச்சுக்காரன் விட்டுவிட்டான். ஐந்து பேர் பகுதியும் ஒன்றாக இருக்கும் பெரிய புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, பென்சிலால் அந்தக் கட்டத்தைச் செருகி, மேலே ஒரு கண்ணாடி வரைந்திருந்தார். தன் தப்புக்கு வரைந்தது அல்ல, அச்சுக்காரன் தப்புக்கு. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தாவது ஆளாகத் தலைநகரிலிருந்து ஒரு வயோலா வித்வானை டாக்டர் அழைத்தார். பேர் பெற்றவர், இசைத்தட்டெல்லாம் போட்டவர். வருகிறேன் என்று கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் குதிக்காத குறை.

"கண்ணாடி, உங்க தாள விருந்தாளிக்கு அனுப்பிடுங்க. முதல் வயோலா அவருக்கு. நீங்க ரெண்டாவது எடுத்துக்குங்க."

கண்ணாடிக்காரர் வில்லின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். கை நின்றது. "டாக்டர், இந்தப் பாட்ட நான்..."

"தெரியும் தெரியும், நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அதுக்காக அவ்வளவு பெரிய மனுஷர வரவச்சு ரெண்டாவதுல உக்கார வைக்க முடியுமா? நம்ம மரியாதை என்னாகுறது?"

தம்பி கூரையைப் பார்த்தார். அக்கா மட்டும், "ஆறு வருஷமா வாசிச்சுக்கிட்டிருக்காரு டாக்டர்" என்றார்.

"வீட்லதான வாசிச்சாரு" என்றார் டாக்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கண்ணாடிக்காரர் கடித்துக்கொண்டு இருந்தார்.

கச்சேரிக்கு முந்தின நாள் விருந்தாளி வந்தார். உயரம், வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. ஒரே ஒரு ஒத்திகை. கண்ணாடிக்காரரின் தாளை ஸ்டாண்டில் வைத்து, அவர் குறித்த இடத்தில் வில்லை மாற்றி, அவர் குறித்த இடத்தில் மூச்சு விட்டு வாசித்தார். செருகியிருந்த வெற்றுக் கட்டத்திலும் சரியாக நின்றார். பாட்டு முடிந்ததும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த இடத்துல ஒரு மூச்சு விட்டீங்க பாருங்க, அதெல்லாம் பிறவியிலேயே வரணும்" என்றார். அந்த மூச்சைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிக்காரருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

விருந்தாளி தாளை மடித்து அவரிடமே நீட்டினார். "ரொம்ப அழகான கையெழுத்து. ஆனா பென்சில் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, கண்ணு அங்கயும் இங்கயும் போகுது. கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுத்துடறீங்களா?"

"அதுக்கென்னங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்தார். வில் குறிகளை அழித்தார். விரல் எண்களை அழித்தார். மூச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணாடியும் செருகிய கட்டமும் வந்த இடத்தில் அழிப்பானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். மனைவி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அது மட்டும் எதுக்கு இருக்கு? எல்லாத்தையும்தான அழிக்கச் சொன்னாரு?"

"ஆமா, எல்லாத்தையும்தான் சொன்னாரு" என்றார். அழித்தார். தூளை ஊதினார். காகிதம் அச்சகத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி இருந்தது.

அவர் கணக்கு எளிமையானது. மற்ற நாலு பேர் தாளிலும் வெற்றுக் கட்டம் அச்சிலேயே இருக்கிறது. நாலு பேரும் சும்மா இருப்பார்கள். விருந்தாளி மட்டும் அந்த அமைதிக்குள் தனியாகப் போய் விழுவார். நாலைந்து விநாடி. இருநூறு பேர் பார்ப்பார்கள். அது போதும்.

நகர நூலகத்தின் வாசிப்புக்கூடத்தில் மாலை நாலு மணிக்குக் கச்சேரி. மனைவி மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாகம் நன்றாகப் போனது. இரண்டாம் பாகத்தில் ஐந்து பேரும் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். கண்ணாடிக்காரர் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று.

விருந்தாளி வில்லை வைத்துவிட்டார். ஒரு கட்டம் முன்னதாக, துளி சந்தேகம் இல்லாமல், பாட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் கண்ணாடிக்காரருக்குத் தான் மறந்துபோனது உறைத்தது. இந்தக் குழுவில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ஓடிப் போய்ச் சேர்ந்துகொள்வார்கள், தவறு வெளியே தெரியாமல் மூடிவிடுவார்கள். டாக்டர் தடம் மாறின எத்தனையோ கச்சேரியில் முதலில் ஓடிப் போய்ப் பிடித்தவர் இவர்தான். இப்போது டாக்டர் அரை மூச்சில் தாவிச் சேர்ந்தார். தம்பி தாவினார். அக்காவும் தாவினார். இவர் கை மட்டும் எழவில்லை. வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று, நாலு. பிறகு எழுதியிருந்தபடி, சரியான இடத்தில், அவர் வில்லை வைத்தார்.

கூடத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மற்ற நாலு பேரும் ஒரு பக்கம் இருக்க, இவர் மட்டும் ஒரு கட்டம் பின்னால், அவர்களோடு ஒட்டாத சுரத்தில் உரசிக்கொண்டிருந்தார். அந்த மேடையில் எழுதியவன் எழுதினபடி வாசித்தது அவர் ஒருவர்தான். தப்பாகக் கேட்டதும் அவர் ஒருவருடையதுதான். இரண்டு கட்டம் கழித்து அவரும் தாவிச் சேர்ந்தார். வாசித்துக்கொண்டே விருந்தாளி பக்கவாட்டில் திரும்பி, பரவாயில்லை என்கிற மாதிரி மெல்லத் தலையசைத்தார்.

கச்சேரி முடிந்து உள்ளறையில் டாக்டர் வயலினைப் பெட்டியில் வைக்கக்கூட இல்லை. "எங்க போயிட்டீங்க கண்ணாடி?"

"அங்க ஒரு கட்டம் சும்மா இருக்கணும் டாக்டர்."

"இருக்கணும்தான். எனக்குத் தெரியாதா? நேத்து அப்படித்தான வாசிச்சோம். இன்னைக்கு அவருக்கு மேடையில தோணிச்சு, அந்த இடைவெளிய எடுத்துட்டாரு. எப்படி இருந்துச்சு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாங்க மூணு பேரும் பிடிச்சிட்டோம்ல? உங்களுக்கு என்ன?"

விருந்தாளிக்கு அவர் எதை எடுத்தார் என்பதே தெரியவில்லை. பாராட்டு வந்ததும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணாடிக்காரரின் தோளில் கை வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை.

"விடுங்க டாக்டர். எல்லாருக்கும் நடக்குறதுதான். தப்பு என்னோடதும்தான். ரெண்டாவது வயோலா வாசிக்கிறேன், முதல் பகுதி உங்க ஆளே வாசிக்கட்டும்னுதான் கடிதத்துல எழுதியிருந்தேன். நீங்கதான் கேக்கல. பழக்கமில்லாத பகுதியக் கொடுத்தா யாரா இருந்தாலும் தடுமாறுவாங்க."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு, விருந்தாளியின் ஸ்டாண்டிலிருந்த தாளைச் சாவகாசமாகப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க ஒரு கண்ணாடி இருந்துச்சே" என்றார், இவருக்கு மட்டும் கேட்கும்படி.

"சுத்தம் பண்ணச் சொன்னாரு அக்கா."

அக்கா தாளை மூடி அவர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் இவரிடம் பேசவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அவரு உங்களத் திரும்பிப் பார்த்தாரே, பாவம் பார்க்குற மாதிரி. அதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம்." அவர் மடியிலிருந்த பெட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அந்தப் பாட்டை முணுமுணுப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. டாக்டர் உற்சாகமாக இருந்தார். விருந்தாளிக்குக் குழுவைப் பிடித்துவிட்டதாம். இன்னும் மூன்று ஊர்களில் இதே பாட்டைச் சேர்ந்து வாசிக்கச் சம்மதித்துவிட்டாராம். முதல் வயோலா அவர்தான் என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று டாக்டர் அதையும் சொன்னார்.

"அவர் வாசிச்ச மாதிரியே வச்சுக்கலாம். அந்த வெறும் கட்டம் இனிமே வேண்டாம். எல்லார் தாள்லயும் அடிச்சிடுங்க கண்ணாடி. உங்க கை பட்டாத்தான் சுத்தமா இருக்கும்."

கண்ணாடிக்காரர் அளவுகோலை எடுத்தார். டாக்டர் தாளில் அந்த அமைதியின் மேல் ஒரு கோடு போட்டார். தம்பி தாளில் ஒன்று. அக்கா தன் தாளைத் தானே நீட்டினார். கண்ணை மட்டும் அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் திறக்கலாம். அச்சில் பிழை என்று பெரிய புத்தகத்தை எடுத்து விரிக்கலாம். விரித்தால், தெரிந்திருந்தும் நீ ஏன் அழித்தாய் என்ற கேள்வி வரும். அவர் அக்கா தாளிலும் கோடு போட்டார். கடைசியாகத் தன்னுடையதில் போட்டார்.

"அப்படியே உங்க தாள்ல அந்த இடத்துல ஒரு கண்ணாடியும் போட்டுக்குங்க" என்றார் டாக்டர். "அங்கதான வழி தவறிப் போனீங்க."

தம்பி சிரித்தார். "பத்தொன்பது வருஷத்துல முதல் போணி!"

கண்ணாடிக்காரர் பென்சிலைச் சீவினார். கூர் போதவில்லை என்று மறுபடியும் சீவினார். பிறகு தன் தாளில், தான் சரியாக வாசித்த இடத்துக்கு மேலே, ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொரு வட்டம். நடுவில் வளைவு. காதில் மாட்டும் கம்பி இரண்டு.

"அழுத்திப் போடுங்க" என்றார் அக்கா. "அழியாம இருக்கட்டும்."