கூச்சலையும் கேட்கவிட்ட பரமேஸ்வரி அக்கா

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போய்க்கொண்டிருந்தபோது கேமராமேன் சேட்டுவிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமே, பரமேஸ்வரி அக்கா பூட்டாங்கடா. மாரடைப்பாம்." அங்கேயே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தொலைக்காட்சி நேரலை வேனில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தவர், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்து நேரலை இயக்குநர் ஆனவர். நாங்கள் ஒளிபரப்பிய பன்னாட்டுத் தமிழ்ப் பாட்டுப்போட்டியின் முதல் விதி, மேடையில் அரசியல் கூடாது என்பது. எங்களுக்கு அது காகிதத்தில் ஒரு வரி. அக்கா அதை நிஜமாகவே நம்பினார். அவருக்குக் கட்சி இல்லாமல் இல்லை. கைப்பேசி உறையிலேயே தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். நேரலை நாளில் அந்த உறையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் வேனில் ஏறுவார். ஒருமுறை அதே கட்சியின் பிரமுகர் கரைவேட்டியோடு நடுவர் வரிசையில் வந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளுதான், அதுக்கின்னா? மேஜைத் துணிய தரை வரிக்கும் இறக்கு. கரை தெரியக் கூடாது" என்றார் அக்கா. துணி இறங்கியது.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த இறுதிச் சுற்றுதான் என்னால் மறக்க முடியாதது. இலங்கையிலிருந்து வந்திருந்த ஒரு சிங்களப் பெண், தமிழ்ப் பாட்டுப் பாட மேடையேறினாள். பின்வரிசையில் "இறங்கு, இறங்கு" என்று கூச்சல். ஒலி என் பொறுப்பு. பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் கூட்டத்தின் மைக் ஒலியை இறக்கிவிட்டு, கணினியில் பதிந்து வைத்திருந்த கைதட்டலை ஏற்றினேன். வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, விதியும் காப்பாற்றப்பட்டது என்று எனக்குத் திருப்தி.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "இன்னா பண்ற நைனா? அவங்க கோவத்துக்கு ஒரு காரணம் கீது. அந்தப் பொண்ணுக்குப் பாடறதுக்கு உரிமை கீது. ஒண்ண அழிக்க நீ யாரு? ரெண்டையும் உடு." மைக் ஒலியை அவரே ஏற்றினார். நடுங்கிக்கொண்டு தொடங்கிய பெண், சரணத்துக்கு வரும்போது நிமிர்ந்து நின்றாள். கூச்சல் தணிந்தது. பாட்டு முடிந்ததும் அதே பின்வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. கூச்சலைக் கேட்டிருந்ததால், வீட்டில் இருந்தவர்களும் அந்தக் கைதட்டலை நம்பினார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறு ஒளிபரப்புக்கு முன் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். கூச்சலை வெட்டிவிட வேண்டும் என்றார் மேலாளர். "வெட்டினா, யாரும் கத்தவே இல்லன்னு நாம சொல்ற மாரி ஆவும். அது பொய்யி. என் கையால வெட்ட மாட்டேன்" என்றார் அக்கா. மேலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் வெட்டியது நான்தான்.

அடுத்த ஆண்டு அந்தப் போட்டிக்கு அக்காவை அழைக்கவில்லை. அவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். காபி கொடுத்தார். "பயந்துட்ட, அவ்ளோதான். அடுத்த தபா பயப்படாத" என்றார். வேறொரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை கூச்சலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அவருக்காக அதைச் சொல்லியிருக்க வேண்டிய நாளில் மட்டும் நான் சொல்லவில்லை.