அருள்நாயகம் எடுத்த மலிவான பிளான்

அருள்நாயகத்தை அவருடைய மகள் ஜூலி முதன்முதல் கூப்பிட்டது ‘அங்கிள்’ என்றுதான். 1995 ஒக்ரோபரில், ரொறன்ரோ விமான நிலையத்தில் அது நடந்தது. என்னுடைய காரில்தான் அவர்களை ஏற்றிவரப் போயிருந்தோம் என்பதால் நானும் பக்கத்தில் நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்து நின்று, தகப்பன் நீட்டிய சொக்லேற்றை வாங்கிக்கொண்டு, “தாங்ஸ் அங்கிள்” என்றது. தாய் றோஸ்மேரி பிள்ளையின் தோளில் தட்டினார். அருள்நாயகம் சிரித்துச் சமாளித்தார். காரில் வரும்போது முன்சீற்றில் இருந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் மெலிஞ்சிமுனைக்காரர். 1988 தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது றோஸ்மேரி நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்த செய்தி, பிறந்து ஐந்து கிழமைக்குப் பிறகு கடிதத்தில்தான் வந்தது. அதன்பின் ஏழு வருடம் புருசனும் பெண்சாதியும் பேசியதெல்லாம், றோஸ்மேரி கொழும்புக்கு வரும்போது எடுக்கிற தொலைபேசியில்தான். அந்தக் காலத்தில் ஒரு நிமிடத்துக்கு இரண்டு, மூன்று டொலர் போகும். சுகமா, காசு வந்ததா, பிள்ளை சுகமா, சரி வைக்கிறன். அவர் பேசி முடித்து ரிசீவரை வைப்பதை எங்கள் வீட்டில் நின்றே பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு சொல் மிச்சமாக வராது.

றோஸ்மேரி வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நாங்கள் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் லோறன்ஸ் அவெனியூக் கட்டடம் ஒன்றில், ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. அவர் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டினார். விடிய முன்னம் போய்ப் பின்னேரம் வருவார். அவர் வரும் நேரத்துக்கு றோஸ்மேரி ஹோட்டல் துப்புரவு வேலைக்கு இறங்குவார். வாசலில் சாவியைக் கைமாற்றும்போது இரண்டு சொல். “சோறு அடுப்பிலை.” “ஓம்.” இரண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஏழு வருடம் நிமிடத்துக்குப் பயந்து பேசிய வாய்க்கு வேறு விதமாகப் பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர்களிடம் வேறொரு பாசை இருந்தது. அந்த நாட்களில் இங்கே தமிழ் வீடுகள் பலவற்றில் அது இருந்தது. தெருப் போனில் இருபத்தைந்து சதத்தைப் போட்டு வீட்டுக்கு எடுத்து, மணி அடித்ததும் வைத்துவிட்டால் காசு திரும்பக் கீழே விழுந்துவிடும். றோஸ்மேரி வேலை முடிந்து வோர்டன் சப்வேயில் இறங்கி ஒரு மணி கொடுத்தால், பஸ்ஸில் வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு கொடுத்தால், பஸ் இல்லை, காரைக் கொண்டுவாருங்கள். அதே காசு கிழமைக்கணக்கில் றோஸ்மேரியின் கோட்டுப் பையில் கிடக்கும். ஞானஸ்நானத்துக்கோ கலியாணத்துக்கோ போய்த் திரும்பிய குடும்பங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்பதையும் இப்படி ஒரு மணியால்தான் சொல்வார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் அந்தக் கட்டடத்தின் கறிவாசமும் பனிச்சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்த நடைபாதையும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

1998 கோடையில் றோஸ்மேரி மறுபடியும் கர்ப்பமானார். வயது முப்பத்தாறு. அருள்நாயகம் அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “இந்தமுறை நான் பக்கத்திலை நிக்கவேணும் அண்ணை. அது ஒண்டுதான் எனக்கு வேணும்” என்றார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழிற்சாலைக்குப் போன் எடுத்தால் கந்தோரில் இருப்பவர்கள் செய்தியை ஒரு துண்டில் எழுதி வைப்பார்கள், இடைவேளைக்குத்தான் கொடுப்பார்கள். ஜூலி பள்ளிக்கூடத்தில் விழுந்து கை முறிந்த நாளில் அந்தத் துண்டு அவர் கையில் கிடைத்தபோது பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடிந்துவிட்டது. ஆகவே செல்போன். அதுவும் இரண்டு. அவர் வேலையில் நிற்க, றோஸ்மேரி கடையிலோ கோயிலிலோ நிற்கக்கூடும்.

லோறன்ஸில் இருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் கடையில் மரக்கறியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். வீடியோக் கசெற், போன் கார்ட், அந்த வருடத்திலிருந்து செல்போனும். நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து கணக்குப் பார்த்தவன் என்பதால் அருள்நாயகம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஸ்ரீஸ்கந்தராசா மூன்று பிளான்களை மேசையில் பரப்பினார். முதலாவது, ஒரு குடும்பத்தின் இரண்டு போன்களும் தங்களுக்குள் எவ்வளவும் பேசலாம்; மாதக் கட்டணம் அதிகம். இரண்டாவது, இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் நூறு நிமிடம். மூன்றாவது, அவசரத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு. மாதக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் இலவச நிமிடம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டுப் பேசினாலும் காசு, வந்ததற்குப் பதில் சொன்னாலும் காசு. அரை நிமிடம் பேசினாலும் ஒரு நிமிடமாகத்தான் எண்ணுவார்கள்.

நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கணக்குப் பார்த்தேன். நாளுக்கு ஐந்து நிமிடம் பேசினாலே மூன்றாவதுதான் ஆகக் கூடிய செலவு என்று வந்தது. இரண்டாவதை எடுக்கச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனோம்.

“புருசன் பெண்சாதி கதைக்கிறதெண்டால் முதலாவதுதான் அண்ணை லாபம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“நாங்கள் கதைக்கவோ எடுக்கிறம்?” என்று அருள்நாயகம் கேட்டார். “மணி அடிக்கத்தானே. எடுக்காத கோலுக்குக் காசு இல்லையெண்டு நீர்தானே சொன்னீர்.”

“அப்ப உங்களுக்குப் போன் என்னத்துக்கு? வேதக்கோயில் மணியொண்டு வாங்கிக் கட்டிவிடுங்கோ.”

“அது ஒஷாவாவுக்குக் கேட்காதே தம்பி.”

மூன்றாவதையே எடுத்தார். பேசாவிட்டால் அதுதான் மலிவு. என் கணக்கும் அதைத்தான் சொன்னது.

ஒப்பந்தம் இதுதான்: மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு றோஸ்மேரி திரிகால ஜெபம் சொல்லி முடித்து ஒரு மணி கொடுப்பார். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று தரம் அடித்தால், போட்டது போட்டபடி வெளிக்கிடுங்கள்.

முதல் கிழமையே சச்சரவு வந்தது. ஒரு நாள் மணி கேட்கும், ஒரு நாள் கேட்காது. பின்னேரம் வாசலில் அவர் “இண்டைக்கு அடிக்கேல்லையோ” என்பார். “அடிச்சனான்” என்பார் றோஸ்மேரி. தொழிற்சாலையின் தகரக்கூரைதான் காரணம் என்று அருள்நாயகம் தீர்மானித்தார். அன்றிலிருந்து மத்தியானத்தில் போர்க்லிப்றை லொறிகள் வந்து நிற்கும் பெரிய கதவடியில் நிறுத்திவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்போதும் சில நாட்களில் கேட்கவில்லை. பனிக்காலம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

உண்மைக் காரணம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செல்போனில், கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் மணி வேறு, மற்றவரின் பையில் அடிக்கும் மணி வேறு. இங்கே ஒன்று, இரண்டு அடித்த பிறகுதான் அங்கே அடிக்கத் தொடங்கும். வீட்டுப் போனில் வருடக்கணக்காகச் சரிவந்த எண்ணிக்கை இதில் சரிவராது. செல்போனில் பேசுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மணியை எண்ணுகிறவர்களுக்குத்தான் வில்லங்கம்.

1999 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. டொக்டர் சொன்ன திகதிக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. காலை பத்து மணி கழிந்து றோஸ்மேரி எங்கள் கதவைத் தட்டினார். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. என் மனைவி யோகமலர் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். அருள்நாயகத்துக்குச் சொல்லியாச்சோ என்று நான் கேட்டேன்.

“மூண்டு அடிச்சிட்டன். வெளிக்கிட்டிருப்பார்” என்றார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

அதே நேரம் ஒஷாவாவில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். கதவடியில் லொறிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டைப்பையில் போன் ஒரு மணி அடித்து நின்றது. ஒன்று, சுகம். இன்னும் நான்கு பெட்டி ஏற்றினார். ஐந்தாவதைத் தூக்கியபோதுதான், இன்னும் பன்னிரண்டு ஆகவில்லையே என்று மனதில் பட்டது. ஜெபம் சொல்லாமல் றோஸ்மேரி அடிக்கமாட்டார். நேரம் தவறி அடிக்கிற பழக்கமும் இல்லை. பெட்டியைத் தூக்கினபடியே நிறுத்தி, போனை எடுத்து, வாங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக மனைவியைக் கூப்பிட்டார்.

நாங்கள் அப்போது காரில் ஏறிவிட்டோம். நான் ஓட்ட, பின்சீற்றில் யோகமலரும் றோஸ்மேரியும். றோஸ்மேரியின் கைப்பைக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுங்கோவன்” என்றார் யோகமலர்.

றோஸ்மேரி எடுத்தார். “ஏன் எடுக்கிறியள்? நான்தானே மூண்டு அடிச்சனான்… ஒண்டோ? … தண்ணி உடைஞ்சிட்டுது. அண்ணையின்ரை காரிலை போறன். சரி, வையுங்கோ, நிமிசம் ஓடுது.”

மறுபக்கத்தில் அவர் சொன்ன பதில் முன்சீற்றில் இருந்த எனக்கும் கேட்டது. “ஓடட்டும்.”

அவர் போனை வைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து தன் காரில் வெளிக்கிட்டு, 401 நெடுஞ்சாலையில் ஏறி, அதைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஓட்டினார். முதலில் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஜூலிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததா என்று கேட்டார். கொடுத்தது. றோட்டில் பனி இருக்கிறதா என்று றோஸ்மேரி கேட்டார். இல்லை, தண்ணீராய்க் கிடக்கிறது. இனி வைத்துவிடுவார்கள் என்று நான் நினைத்தபோது, றோஸ்மேரி “என்ன திடீரெண்டு அதைக் கேக்கிறியள்?” என்றார்.

ஜூலி பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேலாகியும் அதை அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை.

றோஸ்மேரி சொல்லத் தொடங்கினார். அன்றைக்கு ஊரடங்கு. வாகனம் ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ட்ராக்டர் பெட்டியில் வைக்கோலைப் போட்டு இவரை ஏற்றினார்கள். அப்பு, அதாவது றோஸ்மேரியின் தகப்பன், கூடவே வந்தார். “அப்பு அம்மான்ரை வெள்ளைச் சீலையை ஒரு தடியிலை கட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தவர். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வரைக்கும் நடைதான். ட்ராக்டர் அவரின்ரை நடைக்குத்தான் வந்தது…” வலி வந்தது. யோகமலரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலி போனதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்கள். அப்பு தனக்குத் தெரிந்த ஒரேயொரு இங்கிலிஸ் சொல்லைச் சொன்னாராம், “பேபி, பேபி” என்று. அதைச் சொல்லும்போது றோஸ்மேரி சிரித்தார். மறுபக்கத்திலும் சிரிப்புக் கேட்டது. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் காரை மெதுவாகத்தான் ஓட்டினேன். சிக்னல் சிவப்பானபோதும் கோபம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் செல்போன் கொண்டுபோகக்கூடாது என்று எழுதியிருந்தது. சக்கரக் கதிரை கொண்டுவந்த தாதியும் போனைக் காட்டிக் கையை ஆட்டினாள். “நான் உள்ளுக்குப் போகவேணும். அப்பு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திட்டார். மிச்சம் பிறகு” என்று சொல்லிவிட்டு றோஸ்மேரி போனை யோகமலரிடம் கொடுத்தார். அதை எப்படி நிறுத்துவதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. “தங்கச்சி உள்ளை போயிட்டா, கெதியா வாருங்கோ” என்று யோகமலர் அதற்குள் சொன்னார். நான் அதை அப்படியே கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அருள்நாயகம் வந்து சேர்ந்தபோது நான் வாசலில் நின்றேன். இரும்பு மூக்குச் சப்பாத்து, மஞ்சள் மேற்சட்டை, காதில் இன்னும் போன். “பிறந்திட்டுதோ?” என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். உடனே உள்ளே ஓடினார். யோகமலர் பிரசவ அறைக் கதவுவரை கூட்டிப்போய்விட்டு வந்தார்.

கதவடியில் நின்று உள்ளே கண்டதை யோகமலர்தான் எனக்குச் சொன்னார். அருள்நாயகம் கையைக்கூடக் கழுவாமல் கட்டிலடிக்குப் போய், மூச்சு வாங்க நின்று, “வாசலுக்கு வந்தாப் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டாராம்.

றோஸ்மேரி கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். “அது இரவைக்குச் சொல்லுறன்,” என்றாராம். “இப்ப இதைப் பாருங்கோ.”