ஹத்தா பாறையில் காய்ந்த பாஸ்போர்ட்

அருள்முருகனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொன்னதில்லை. குடிக்கமாட்டான், பெண்டாட்டியை ஒரு அதட்டு அதட்டமாட்டான், வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் வாங்கிவந்த கீரையை ஆய்ந்துகூடக் கொடுப்பான். அப்படிப்பட்டவன் செய்த காரியம் என்பதால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கெட்டவன் செய்திருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும்.

பர் துபாயில் ஒரே வீட்டை இரண்டு குடும்பமாகப் பங்கிட்டுக்கொண்டு இருந்தோம். ஓர் அறையில் அருள்முருகன், அவன் மனைவி பிரபாவதி, குழந்தை ஓவியா. இன்னொன்றில் நான். என் வீட்டுக்காரருக்கு ஓமான் பக்கம் சோஹாரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை பிரபாவதிதான்.

முசிறிப் பெண். 2001இல் கல்யாணமாகி வந்தவள், முதல் ஆறு மாதம் ஜன்னலைப் பார்த்தே அழுதாள். பிறகு ஒரு நாள், தெருக்கோடியில் இருக்கும் டைப்பிங் சென்டரில் போய் வேலை கேட்டாள். இந்த ஊரில் சர்க்காருக்கு எதை எழுதினாலும் அரபியில் டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். விசா எடுக்க, புதுப்பிக்க, ரத்து செய்ய, எல்லாவற்றுக்கும் முதலில் அப்படி ஒரு கடைப் படி ஏறியாக வேண்டும். அந்தக் கடைக்காரர் கீழக்கரை செய்கு அலாவுதீன். தமிழும் ஆங்கிலமும் டைப்பில் ஹயர் பாஸ் பண்ணியிருக்கிறேன் என்று இவள் சொன்னதும் அவர் சிரித்தாராம். அரபி வலப்பக்கத்திலிருந்து வரும் தங்கச்சி, உனக்குத் தலை சுற்றும் என்றாராம். மூன்றே மாதம். அர்த்தம் தெரியாமலே கட்டை விரலிலிருந்து சுண்டுவிரல் வரை பழக்கிக்கொண்டாள். அடுத்த வருடம் அர்த்தமும் தெரிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், "அந்த முசிறி அக்கா இல்லீங்களா, அப்ப நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிப் போகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஓவியா பிறந்ததும் எல்லாம் நின்றது. இரண்டு வருடம் குழந்தை, சமையல், துவைத்த துணி. கடைப்பக்கம் போகிற போதெல்லாம் கண்ணாடிக்கு உள்ளே ஒரு பார்வை பார்ப்பாள். அலாவுதீன் பாய் தவறாமல் சொல்வார்: "ஒன் நாற்காலி அப்படியேதான் கெடக்கு தங்கச்சி. எப்ப வேணும்னாலும் வா."

2007 பிப்ரவரியில் வாய் விட்டுக் கேட்டாள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாய் சரி என்றார். அருள்முருகனும் சரி என்றான். என் இரண்டு காதால் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை. மீனா பஜாரில் இரண்டு சுடிதார் எடுத்து, ஒன்றுக்குக் கை நீளம் போதவில்லை என்று மாற்றி வந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

அதே வாரம்தான் அவன், வெள்ளி சனி இரண்டு நாளும் டிரிப் போகிறோம் என்றான். ஹத்தா மலை, அங்கே பாறையை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு, அப்புறம் புஜைரா, கடலோர ஓட்டலில் ஓர் இரவு. ஆறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த டிரிப். "அக்காவும் வரட்டும், பாப்பாவப் பாத்துக்க ஒத்தாசையா இருக்கும்" என்றான். பல்லை இளித்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

இரண்டு வயதுக் குழந்தையோடு காரில் போவதைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அதை உல்லாசம் என்பார்கள். ஷார்ஜா சாலை தாண்டுவதற்குள் ஒரு தடவை வாந்தி எடுத்தாள் ஓவியா. செம்மணல் மேடு வந்ததும் ஒட்டகம் வேண்டும் என்றாள். ஒட்டகம் வந்தது, அது பக்கத்தில் வேண்டும் என்றாள். ஓரமாக நிறுத்தினால் அது தலையைத் திருப்பியதும் வீறிட்டு அழுதாள். அதன்பிறகு மணல் போய், வெறும் கல்லும் முள்மரமுமாக வந்தது. அதற்கும் பிறகு கறுத்த மலை. எலுமிச்சைச் சாதத்தை ஆளுக்கொரு கை எடுத்துக்கொண்டோம். ஓவியா தின்றதைவிட சீட்டில் அப்பியது அதிகம். பிரபாவதி அதையெல்லாம் துடைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு என்னென்ன கொடுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பத்தரைக்குப் பழம், பன்னிரண்டுக்குப் பருப்புச் சாதம். முன்சீட்டில் அவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் பாதை வந்தது. அவனுடைய நிஸ்ஸான் சன்னி நாலு இடத்தில் அடிவயிறு இடித்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. கீழே பார்த்தால் மலையை யாரோ ரம்பம் போட்டு அறுத்ததுபோல் ஒரு பிளவு. உள்ளே பச்சையாகத் தண்ணீர், பாறைக்குப் பாறை படியிறங்கிப் போகிறது. அழகு என்றால் அழகு. பாறையெல்லாம் பெயிண்டால் பேர் எழுதி வைத்திருந்தார்கள், பெப்சி டப்பாவும் கிடந்தது. அதையும் மீறி அழகு.

அவன் அன்றைக்குக் காட்டிய பிரியத்தைப் பார்த்திருக்க வேண்டும். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பிரபாவதியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். நில்லு, திரும்பு, சிரி என்று அவளை மட்டும் முப்பது போட்டோ எடுத்திருப்பான். கல்யாணமான புதிதில்கூட இப்படி எடுத்ததில்லை என்று அவள் என் காதில் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மடச்சி.

மேலே ஏறி முழுப் பள்ளத்தையும் ஒரு படம் எடுத்து வருகிறேன் என்று அவன் போன நேரத்தில்தான் அது நடந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன அவனுடைய தோள்பையைக் குடைந்துகொண்டிருந்த ஓவியா, ஒரு ரெக்சின் உறையை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். "போட்டு, போட்டு" என்று சொல்லிப் படகாக மிதக்கவும் விட்டாள். பாஸ்போர்ட் வைக்கிற உறை. ஓட்டலில் கேட்பார்கள் என்று மூன்றையும் கொண்டு வந்திருந்தான்.

இங்கே நம் வீடுகளில் பாஸ்போர்ட் ஆண்கள் கையில்தான் இருக்கும். சாவியை நம்மிடம் கொடுப்பார்கள், நகையைக் கொடுப்பார்கள், பாஸ்போர்ட்டை மட்டும் மூன்றாக நாலாகச் சேர்த்து ரப்பர் போட்டு அவர்கள் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். நாமும் கேட்கமாட்டோம். ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்டில் பார்த்தால் உண்டு. வருடக்கணக்கில் ஊரார் பாஸ்போர்ட்டையெல்லாம் புரட்டிய பிரபாவதியும் தன்னுடையதைக் கேட்டதில்லை.

முழங்கால் நனைய இறங்கி உறையை எடுத்தேன். உறை வாய் திறந்திருந்ததால் உள்ளே தண்ணீர் போயிருந்தது. "விசாப் பக்கம் ஒட்டிக்கிட்டா கிழிஞ்சிரும், குடுங்கக்கா" என்று பிரபாவதி வாங்கி, சூடாக இருந்த பாறையில் மூன்றையும் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் சின்னக் கல் வைத்தாள். கைகாரி, பதறாமல் செய்தாள். பிறகு அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

"என்ன கண்ணு?" என்றேன்.

அவள் அடுத்த பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். குழந்தையுடையது. அதிலும் பார்த்தாள். "ரத்து பண்ணியிருக்குக்கா" என்றாள்.

"எதைய?"

"என் விசாவ. பாப்பாவோடதையும். திங்கக்கெழம தேதி போட்டிருக்கு."

"தண்ணியில ஊறி வேற என்னமோ தெரியுது. நல்லாப் பாரு."

"இந்த முத்திரைய ஒரு நாளைக்கு இருவது தடவ பாத்தவக்கா நான்."

அருள்முருகனுடைய பாஸ்போர்ட்டில் அப்படி ஒன்றும் இல்லை. உறைக்குள் மடித்து வைத்த விமான டிக்கெட் இரண்டு, தாய்க்கும் பிள்ளைக்கும், செவ்வாய்க்கிழமைக்கு. அதற்குள்ளே அந்த ரத்துக்கான விண்ணப்ப நகல். ஓரத்தில் அலாவுதீன் பாய் கடை முத்திரை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உட்காரத் தோன்றியது. ஓவியா வந்து மடியில் ஏறி, ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டினாள்.

அவன் கேமராவோடு இறங்கி வந்தான். பாறையில் காய்வதைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனாலும் பேசத் தயாராகத்தான் வந்திருந்தான் என்று அப்போதே தெரிந்தது, வார்த்தை தட்டவில்லை.

"இன்னிக்கி புஜைரா போனதும் பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன் பிரபா. வாடகைய ஏத்திட்டான். பாப்பாவ அடுத்தவங்க கையில விட்டுட்டு நீ வேலைக்குப் போயி, என்னத்துக்கு? ஊர்ல அம்மா இருக்காங்க, அப்பா இருக்காரு. நீ கஷ்டப்பட வேண்டாம்னுதான்."

"சரின்னு சொன்னீங்களே."

"வேண்டாம்னா நீ ஒத்துக்க மாட்டே. அழுவே. எனக்கு நீ அழுவறதப் பாக்க முடியாது."

"அதனால டிரிப் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவன் கேமரா வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், என் வாயில் வந்ததையெல்லாம். ஆம்பளையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க எங்க விசயத்துல வராதீங்கக்கா" என்றான். என்னை எதற்குக் கூட்டி வந்தான் என்று அப்போது விளங்கியது. அவள் அழும்போது குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். பிரபாவதி அழவில்லை. பாஸ்போர்ட்டுகளை எடுத்து, தன்னுடையதையும் குழந்தையுடையதையும் தன் கைப்பையில் வைத்தாள். "வண்டிய எடுங்க, துபாய்க்கே போவோம்" என்றாள்.

ஹத்தா பெட்ரோல் பங்க்கில் போனுக்கு சிக்னல் வந்தது. அலாவுதீன் பாயை அழைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"என் விசா கேன்சல் பாரம் நம்ம கடையிலயா பாய் அடிச்சீங்க?"

"ஆமா தங்கச்சி. மாப்ள வந்தாரு. ஊர்ல செட்டிலாகப் போறீங்கன்னாரு. ஒனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

"ஞாயித்துக்கெழம வேலைக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

 "புருசன் பொஞ்சாதி வெசயம்மா. அவரு பேர்லதான ஒன் விசா, அவருதான ஸ்பான்சர். நம்ம கடையில எந்தப் பொம்பளைக்கு நாம போன் பண்ணிக் கேட்டிருக்கோம்? நீ அடிச்சப்ப ஒருத்தருக்காச்சும் கேட்டியா?" என்றார்.

குத்திப் பேச வேண்டும் என்று சொன்னவர் இல்லை அவர். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பிரபாவதி போனை வைத்துவிட்டாள். துபாய் வந்து சேரும்வரை அவள் என்னிடம் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "எத்தன பேருக்கு அடிச்சிருப்பேன்க்கா. எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுதான் வருதுன்னு நெனச்சேன்." ஓவியா என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் வீட்டில் பூனை மாதிரி நடந்தான். தேநீர் போட்டுக் கொடுத்தான். அவள் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில் அந்தப் புதுச் சுடிதாரில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். நேரே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்க கடையில விசா எடுத்துக் குடுங்க பாய்" என்றாள். "ரத்தானாலும் இங்க தங்க முப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள பேப்பர் போட்டுறலாம். எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியும்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "நீ என் கூடப்பொறந்தவ மாதிரி. ஆனா புருசன் வேண்டாங்குற பொம்பளைக்கு நான் விசா எடுத்தா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? அவரு ஒரு வார்த்த சரின்னு சொல்லட்டும், இன்னிக்கே போடுறேன்."

"ஏற்கனவே அவரு சரின்னு சொன்ன லட்சணந்தான் பாய் இது" என்றாள் பிரபாவதி.

அதற்குள் ஒருவன் கடைக்குள் வந்தான். நம் பக்கத்து ஆள்தான், கழுத்தில் கம்பெனி அட்டை. நாற்காலியில் இருப்பவள் கடை ஆள் என்று நினைத்து, இரண்டு பாஸ்போர்ட்டை அவள் முன்னால் வைத்தான். மனைவிக்கும் மகனுக்கும் கேன்சல் என்றான். பிரபாவதி பாஸ்போர்ட்டைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா சார்?"

அவனுக்குப் புரியவில்லை. "எது?"

"கேன்சல் பண்றது."

"இன்னும் சொல்லலைங்க. சொல்லணும்" என்றான் சாதாரணமாக. ஒளிக்கிற குரல்கூட இல்லை.

"அவங்க நம்பர் குடுங்க. ஒரு வார்த்த கேட்டுட்டு அடிச்சுத் தரேன்."

அவன் பாயைப் பார்த்தான். பாய் எழுந்து வந்து, ரொம்பப் பதவிசாக, அவள் கையிலிருந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார். "நீங்க இங்கிட்டு வாங்க தம்பி" என்று அடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே அடிக்க ஆரம்பித்தார். பத்து நிமிடமாயிற்று. பிரபாவதி நாற்காலியை விட்டு எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் ஒவ்வொரு கட்டமாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான். அவள் மேசையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து உள்ளங்கையில் என்னமோ எழுதினாள்.

வெளியே வந்ததும் கையை விரித்து என்னிடம் காட்டினாள். தமிழில் வந்த ஆளுடைய மனைவி பேர் எழுதியிருந்தது, அருணா என்று. அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட நினைத்திருக்கிறாள், மறுநாள் தனக்கே விமானம் என்கிற நிலையில்.

"நம்பரையும் பாத்து எழுதியிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"அந்தப் பாரத்துல புருசன் நம்பருக்கு மட்டுந்தான்க்கா கட்டம் இருக்கு" என்றாள்.